மூன்று புள்ளி, ஒரு கோடு

பித்தளைப் பாத்திரக் கடையைத் தாண்டும்போது எனக்கு இன்றைக்கும் வாயில் கெட்ட வார்த்தை வந்துவிடுகிறது. கடைக்காரர் பாவம், அவருக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கூட வருகிற மனைவி முழங்கையால் இடிப்பாள். "வயசான காலத்துல வாய அடக்குங்க" என்பாள். எதற்கு அடக்க வேண்டும்? எல்லாரும் அடக்கி அடக்கித்தான் இந்த ஊரில் பாதி அநியாயம் நடந்திருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் காக்கி உடுத்துகிற ஒரு வேலையில் இருந்தேன். எந்தப் படை, எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. அகலமான அரை டிராயர். கஞ்சி போட்டால் ஆள் இல்லாமலே தரையில் நிற்கும். முழங்கால் வரை காலுறை. தோளில் முந்நூற்று மூன்று என்று எல்லாரும் சொல்கிற பழைய ரைபிள். மதுரையில் கலவரம் என்றால் எங்களை லாரியில் ஏற்றுவார்கள், திருவிழா என்றாலும் ஏற்றுவார்கள். எதற்கு என்பது இறங்கின பிறகுதான் தெரியும்.

வருடத்துக்கு ஒரு தடவை சுட்டுப் பழகக் கூட்டிப்போவார்கள், ரேஞ்ச் என்போம். அழகர்கோவில் சாலையில் கொஞ்ச தூரம் போய், இடதுபுறம் பிரிகிற மண் பாதையில் திரும்பினால் ஒரு பொட்டல் வரும். அந்தக் கடைசியில் மொட்டைப் பாறைக்குன்றாக ஒரு கரடு, அதற்கு முன்னால் உயரமாகக் குவித்த மண்மேடு, அதில் பலகைகள். இந்தக் கடைசியில் நாங்கள். நடுவில் உடைமுள்ளும் வெயிலும். சிவப்புக் கொடி ஏற்றிவிட்டால் ஆடு மேய்க்கிறவர்கள் தள்ளிப்போய்விடுவார்கள். சித்திரை மாதம் அழகர் மலைக்குப் போகிற கூட்டம் சாலையில் வரத் தொடங்கும் முன் எல்லாம் முடிந்துவிட வேண்டும்.

சுடுவது சுலபம். பொறுக்குவதுதான் வேலை. வெளியே போகிற குண்டு மேட்டில் புதைந்துவிடும், அதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. சுட்டு முடித்து போல்ட்டை இழுத்தால் வலது பக்கம் துள்ளி விழுகிறதே, விரல் நீளப் பித்தளைக் குழல், அந்தக் காலித் தோட்டாதான் உயிர். நாங்கள் அதை எம்ட்டி என்போம். எத்தனை தோட்டா கொடுத்தார்களோ அத்தனை எம்ட்டி திரும்ப மேஜைக்கு வர வேண்டும். ஒன்று குறைந்தால், தோட்டாவைச் சுடாமல் திருடிவிட்டான் என்று அர்த்தம் பண்ணலாம். அர்த்தம் பண்ண ஆசைப்படுகிற அதிகாரி இருந்தால் போதும். அதனால் விசில் ஊதினதும் மீசை வைத்த ஆம்பளைகள் எல்லாரும் முட்டி போட்டு, சூடான மணலைக் கையால் தடவிக்கொண்டு ஊர்ந்து போவோம். சுட்ட எம்ட்டி கொதிக்கும். தொப்பியில் போட்டுத்தான் கொண்டுபோவோம்.

குறைவது சகஜம். கல்லில் பட்டுத் தெறித்துப் புதருக்குள் போகும், பூட்ஸ் மிதித்துப் புதைந்துபோகும். அதற்காக ஆயுதக் கிடங்கு ஹவில்தார் ஒரு பிஸ்கட் டின் வைத்திருந்தார். என்றோ கூடுதலாகக் கிடைத்த பழைய எம்ட்டிகள் அதில் கிடக்கும். குறைந்தால் அதிலிருந்து ஒன்று எடுத்துச் சேர்ப்பார், எல்லாரும் வீட்டுக்குப் போவோம். இது எல்லா அதிகாரிகளுக்கும் தெரியும். தெரியாத மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்கள். அதில் எந்த ராஜ்யமும் கவிழவில்லை.

அந்த வருடம் ஒரு புது இன்ஸ்பெக்டர் வந்தார். வெளி ஜில்லாக்காரர். நாற்காலியில் உட்காரும் முன் கைக்குட்டையை விரித்துத்தான் உட்காருவார். கண்டிப்பானவர் என்று பெயர். இந்தக் கண்டிப்பு என்கிற வார்த்தையை நான் எங்கே கேட்டாலும் முதலில், யாரிடம் கண்டிப்பு என்று கேட்பேன். மேலே இருக்கிறவனிடம் கண்டிப்பாக இருந்த ஒருத்தனை நான் சர்வீஸ் முழுக்கப் பார்த்ததில்லை.

அவர் முதல் காரியமாக அந்த பிஸ்கட் டின்னைக் கண்டுபிடித்துத் தூக்கிப் போட்டார். இரண்டாவது காரியமாக ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் ஒவ்வொருவனும் தனக்குக் கொடுத்த தோட்டாவின் அடியில் பெயிண்டால் குறி போட வேண்டும். சுட்ட பிறகு எம்ட்டியைக் குறி பார்த்துப் பிரித்து எண்ண வேண்டும். பழைய எம்ட்டி செல்லாது. எவனுடையது குறைகிறதோ அவன் பொறுப்பு.

என்ன குறி போடுவது என்று கேள்வி வந்தது. பித்தளையின் அடியில், அதுவும் நடுவில் ஊசி அடிக்கிற இடத்தை விட்டுவிட்டு, பெயர் எழுதவா முடியும்? ஹவில்தார்தான் சொன்னார், "எல்லாருக்கும் வண்ணான் குறி இருக்குல்ல சார், அதையே போடச் சொல்லிருவோம்." நியாயமான யோசனைதான். எல்லாருடைய காக்கியும் ஒரே மாதிரி இருப்பதால், சலவைக்காரம்மா சட்டைக் காலரிலும் டிராயர் இடுப்பிலும் சேங்கொட்டை மையால் குறி போட்டிருப்பார். ஒருவனுக்கு இரண்டு கோடு, ஒருவனுக்குக் கூட்டல் குறி, ஒருவனுக்கு வட்டமும் புள்ளியும். கொடியில் நூறு சட்டை காய்ந்தாலும் அவனவன் குறி அவனவனுக்குத் தெரியும்.

என் குறி மூன்று புள்ளி, அதன் கீழே ஒரு கோடு. அது எனக்கு மட்டும் உரிய குறி இல்லை. என்னோடு இருந்த நண்பனுக்கும் அதே குறிதான்.

அவன் என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். மதுரைக்கு மேற்கே, எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். எங்கள் குடும்பத்துக்கு வயலும் கிணறும் உண்டு. அவன் குடும்பம் அந்த மாதிரி வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலிக்கு வருகிற குடும்பம். எங்கள் வயலுக்கும் வந்திருக்கிறார்கள். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் இவ்வளவு சொன்னாலே மீதி எல்லாருக்கும் புரிந்துவிடுகிறது, அதுதான் நம் ஊரின் லட்சணம்.

பயிற்சியில் ஒரே தட்டில் தின்றோம். படை கொடுக்கிற லைன் வீடு கிடைக்காததால் பழங்காநத்தத்தில் ஒரு சந்துக்குள் சேர்ந்து ரூம் எடுத்தோம். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மாப்ள என்பான். மதுரை டவுனில் டீக்கடைக்காரன்கூட முன்பின் தெரியாதவனை மாப்ள என்று கூப்பிடுவான், ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் கம்பெனியில் மேற்குப் பக்கத்து ஆட்கள் சிலர் இருந்தார்கள். அவன் என்னை மாப்ள என்னும்போது அவர்கள் முகம் சுருங்கும். ஒருவன் தனியாகக் கூப்பிட்டு, "அவென் ஒனக்குப் பொண்ணா குடுத்திருக்கான்?" என்று கேட்டான். "குடுத்தாக் கட்டிக்கிருவேன், போடா" என்றேன். அதோடு அவன் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான். எனக்கு நஷ்டமில்லை.

எங்கள் படைக்குத் துவைக்கிற சலவைக்காரம்மா பழங்காநத்தத்தில்தான் இருந்தார். மாடக்குளம் கண்மாயில் துவைப்பார். சட்டையை வாங்க வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் ஒரே வாசலில் நிற்பதைப் பார்த்து, "ஒரு வீட்டுக்கு ஒரு குறிதேன் அப்பு, ஆளுக்கு ஆளு போட்டா எனக்கு ஞாபகம் நிக்காது" என்று சொல்லி ஒரே குறியைப் போட்டுவிட்டார். இரண்டு பேருக்கும் ஒரே அளவு என்பதால் சட்டை மாறினாலும் பரவாயில்லை என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

ரேஞ்ச் அன்று காலையில் வேலமரத்தடியில் உட்கார்ந்து, தீக்குச்சியைச் சிவப்புப் பெயிண்டில் முக்கிக் குறி போட்டுக்கொண்டிருந்தோம். அவன்தான் எழுந்து போய் ஹவில்தாரிடம் சொன்னான். "அண்ணே, எங்க ரெண்டு பேருக்கும் ஒரே குறி. நான் வேற ஏதாச்சும் போட்டுக்கிறவா?"

ஹவில்தார் வெயிலில் எரிச்சலாக இருந்தார். "அதெல்லாம் வேணாம்டா. பக்கத்துல பக்கத்துல படுங்க. சேத்து எண்ணிக்கிருவோம்."

அவன் கேட்டதை நான் இங்கே அழுத்திச் சொல்கிறேன். ஒளிக்க நினைக்கிறவன் போய்க் கேட்க மாட்டான்.

ஆளுக்குப் பத்து ரவுண்டு. நான் இடதுபுறம், அவன் எனக்கு வலதுபுறம். இரட்டைத் துணியில் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த கித்தான் விரிப்பில் குப்புறப் படுத்துச் சுட்டோம். விரிப்புகள் பழசு, ஓரத் தையல் எல்லாம் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொன்றிலும் இடத்தின் நம்பர் எழுதியிருக்கும். அன்று அவன் நன்றாகச் சுட்டான். பலகையின் நடுவில் ஒரு உள்ளங்கையால் மூடிவிடலாம், அத்தனை ஓட்டையும் அதற்குள் அடங்கும். நான் சுட்டது பலகை முழுக்க ஊர் சுற்றியிருந்தது. அதை எல்லாம் யாரும் பார்க்கவில்லை. விசில் ஊதினதும் எல்லாரும் பித்தளையைத்தான் பார்த்தார்கள்.

மேஜையில் குறி வாரியாகப் பிரித்தார்கள். மற்ற எல்லாரும் சரி. மூன்று புள்ளி ஒரு கோடு பத்தொன்பது. ஒன்று இல்லை.

மறுபடி எண்ணினார்கள், மறுபடி தேடினோம், இல்லை. இன்ஸ்பெக்டர் கைக்குட்டை விரித்த நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார். "இது யார் குறி?"

"இவுங்க ரெண்டு பேருதும் சார்" என்றார் ஹவில்தார்.

எங்களை முன்னால் நிறுத்தினார்கள். இன்ஸ்பெக்டர் முதலில் என்னைப் பார்த்தார். "எந்த ஊர்?"

சொன்னேன்.

"அப்பா என்ன பண்றார்?"

"வெவசாயம் சார்."

"சொந்த நிலமா?"

"ஆமா சார்."

அவன் பக்கம் திரும்பினார். அவனும் ஊரைச் சொன்னான். "அப்பா இல்ல சார். ஆத்தா களையெடுக்கப் போகுது சார்."

"ஊர்ல எந்தத் தெரு?"

என்னிடம் தெருவைக் கேட்கவில்லை. அவன் ஒரு நொடி தயங்கிவிட்டுத் தெருவைச் சொன்னான். விசாரணை அதோடு முடிந்துவிட்டது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அதற்குமேல் ஒரு கேள்வி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே குறி, பக்கத்துப் பக்கத்து இடம், சேர்த்து எண்ணின கணக்கு. குறைந்தது யாருடையது என்று அந்தக் கரட்டு மலைக்குக்கூடத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத் தெரிந்துவிட்டது.

"நீ போய்ச் சாப்பிடு" என்றார் என்னிடம். அவனிடம், "சட்டையைக் கழட்டு" என்றார்.

அத்தனை பேர் முன்னால் சட்டையைக் கழற்றி உதறச் சொன்னார்கள். காலுறையை உருவச் சொன்னார்கள். டிராயர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். "பித்தளை என்ன விலை போகுதுன்னு இவனுகளுக்கு நல்லாத் தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே. இவனுக என்று பன்மையில் சொன்னார். நின்றிருந்தது ஒருத்தன்தான்.

"சார், அது என்னோட ரவுண்டாவும் இருக்கலாம் சார். எனக்கும் அதே குறிதான் சார்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன்.

"உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"கேக்கலைன்னுதான் சார் சொல்றேன். என்னையும் சோதன போடுங்க."

ஹவில்தார் என் கையைப் பிடித்து வேலமரத்துப் பக்கம் இழுத்துப்போனார். "ஒனக்குக் கிறுக்காடா? அவரு விட்டாருன்னா பேசாம இரு. அவனுக்காக நீ எதுக்குத் துள்ளுற? ஊருக்குப் போயி ஒங்க ஆளுக மொகத்துல முழிக்க வேணாமா?"

நான் கையை உதறிவிட்டுப் போய் அவன் பக்கத்தில் முட்டி போட்டேன். அவன் சட்டை இல்லாமல், பக்கத்து ஊரில் வாங்கிவந்த ஒரு சல்லடையால் மணலைச் சலித்துக்கொண்டிருந்தான். முதுகில் வெயில் இறங்கித் தோல் கறுத்துக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர் ஆள் அனுப்பி என்னை எழுப்பிவிட்டார். அவன் தலையை நிமிர்த்தாமலே, "போ மாப்ள. நீ இங்கன இருந்தா இன்னும் கோவப்படுவாரு" என்றான். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நான் தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் தின்றார்கள். மாப்ள என்று கூப்பிடுவது பிடிக்காத அந்த ஆள் இரண்டாவது பொட்டலம் கேட்டு வாங்கித் தின்றான்.

எம்ட்டி கிடைக்கவில்லை. விரிப்புகளைச் சுருட்டி லாரியில் எறிந்தோம், திரும்பிவிட்டோம்.

இத்தோடு போயிருந்தாலும் ஒருவேளை நான் மறந்திருப்பேன். நாலைந்து நாள் கழித்து அவன் ஊருக்கு ஆள் அனுப்பி வீட்டைச் சோதனை போட்டார்கள். பித்தளை தேடினார்கள். போனவர்களில் ஒருத்தன் எனக்குச் சொன்னான். ஒரே அறை, கூரை வீடு. அடுப்பில் ஒரு மண்சட்டி, இரண்டு அலுமினியப் பாத்திரம், தண்ணீருக்கு ஒரு மண்பானை. பானையைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டி உள்ளே கைவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தானியக் குலுக்கையைச் சாய்த்துக் கம்பைத் தரையில் கொட்டியிருக்கிறார்கள். அவன் ஆத்தா வாசலில் நின்று, "பித்தாளையா? எங்க வீட்டுல ஏதுங்கய்யா பித்தாள?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதாம். தெருவே கூடி நின்று பார்த்ததாம்.

எங்கள் வீட்டில் பித்தளை அண்டா இரண்டு இருந்தது. குடம் நாலு. தவலை, குத்துவிளக்கு, சொம்பு, என் அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த பன்னீர்ச் செம்பு. புளி போட்டுத் தேய்த்து வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், வாசலில் நின்று பார்த்தாலே பளபளக்கும். அதே குறி போட்டவன் வீடுதான் அது. ஒரு நாய்கூட வந்து எட்டிப் பார்க்கவில்லை. பித்தளை தேடுகிறவன் பித்தளை இருக்கிற வீட்டுக்கு அல்லவா போக வேண்டும்? இதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்கள் நறநறக்கின்றன.

அவனுக்கும் எனக்கும் அது புரொபேஷன் காலம். இன்னும் கொஞ்ச நாளில் நிரந்தரமாகியிருக்கும். நிரந்தரமாகும் முன் ஒருவனை அனுப்ப வேண்டுமென்றால் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை, தகுதியில்லை என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதச் சொல்லி இன்ஸ்பெக்டர் மேலே அனுப்பியிருக்கிறார் என்று தெரிந்தது. அவன் தெருவில் அரசாங்கச் சம்பளம் வாங்கின முதல் ஆள் அவன். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் ஆத்தாவைக் களையெடுக்கப் போக வேண்டாம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நிரந்தரமாகட்டும், நிறுத்திக்கிறேன் என்று ஆத்தா சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வேலை நிற்குமா போகுமா என்பதுதான் எங்கள் அறையில் இரவும் பகலும் ஒரே பேச்சு. பேச்சு என்றால் நான்தான் பேசுவேன், திட்டுவேன். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பான். ரைபிளைப் பிடுங்கிக்கொண்டு மைதானத்தில் புல் செதுக்க விட்டிருந்தார்கள். புல் செதுக்குகிறவனுக்கு மடிப்புக் கலையாத சட்டை எதற்கு? ஆனால் போட்டுக்கொண்டுதான் போனான்.

பங்குனி கடைசியில் ஒரு நாள் சலவைக்காரம்மா துணி கொண்டுவந்தார். மடித்த சட்டைகளை எடுத்து வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இந்தாங்கப்பு, ஒங்க வீட்டுச் சாமான். என் குறி போட்டிருக்கு, பாருங்க."

காலித் தோட்டா. அடியில் சிவப்பாக மூன்று புள்ளி, ஒரு கோடு.

ரேஞ்ச் முடிந்தால் அந்தக் கித்தான் விரிப்புகளை எல்லாம் சலவைக்குப் போடுவார்கள். கல்லில் அடித்தபோது ஒரு விரிப்புக்குள்ளிருந்து டங்கென்று சத்தம் வந்திருக்கிறது. விட்டுப்போன தையல் வழியாகக் கைவிட்டுப் பார்த்திருக்கிறார். பஞ்சுக்கு நடுவில் இது. வேறு யாராக இருந்தாலும் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள். அவருக்குக் குறிதான் விலாசம். அந்தக் குறி எந்த வாசலுக்கு உரியதோ அந்த வாசலில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

"எந்த விரிப்பும்மா?" என்று கேட்டேன். நம்பரைக் கையால் தரையில் எழுதிக் காட்டினார். என் நம்பர். நான் படுத்திருந்த விரிப்பு. என் போல்ட்டிலிருந்து துள்ளி விழுந்தது, என் முழங்கைக்குக் கீழே போய்ச் சேர்ந்திருக்கிறது. எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. நான் அவனைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். "கெடைச்சிருச்சுடா! ஒன் வேல எங்கிட்டும் போகாதுடா!" அவன் அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முதல் தடவையாகச் சிரித்தான்.

அப்போதே கிளம்பி இரண்டு பேரும் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். விரிப்பு என்னுடையது, எம்ட்டி என்னுடையது, தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் எம்ட்டியைக் கையில் வாங்கவே இல்லை. மேஜைமேல் வைக்கச் சொல்லிப் பென்சிலால் உருட்டிப் பார்த்தார்.

"பழைய எம்ட்டி ஒண்ணைத் தேடிப்பிடிச்சுப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டு வந்திருக்கீங்க."

"இல்ல சார். சலவைக்காரம்மாவக் கூப்புட்டுக் கேளுங்க சார்."

"அவளைச் சாட்சிக்குக் கூப்பிடவா நான் இங்க உக்காந்திருக்கேன்?"

"குறி இருக்கே சார்."

"குறியை யார் வேணும்னாலும் போடலாம்."

நான் வெடித்துவிட்டேன். "அந்தக் குறிய நம்பித்தானே சார் இவனப் பிடிச்சீங்க? அன்னைக்கு மட்டும் குறி உண்மையா?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "உன் பேர் பேப்பர்லயே இல்லை. உனக்கு நல்ல நேரம்னு நினைச்சுக்கோ. அதை எடுத்துட்டு வெளியே போ" என்றார்.

அந்த வாரமே அவனுக்கு உத்தரவு வந்துவிட்டது. தகுதியில்லை. ஒரு வரி.

நான் விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பெரிய அதிகாரி சிப்பாய்களின் குறையைக் கேட்பார். பெயர் கொடுத்து, அரைமணி நேரம் விறைப்பாக நின்று, உள்ளே போனேன். அவர் வயதானவர், குரலை உயர்த்தாதவர். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். எம்ட்டியைக் கையில் வாங்கினார், கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடியைப் பார்த்தார், தலையை ஆட்டினார். எனக்கு உயிர் வந்தது. மணியை அடித்து ஹவில்தாரை வரச் சொன்னார்.

"இதைச் சேர்த்துக்கிட்டா கணக்கு நேராயிடுதா?"

"நேராயிருதுங்கய்யா."

"அப்ப எடுத்துக்கோ." என் பக்கம் திரும்பினார். "நல்ல காரியம் செஞ்சே. போகலாம்."

நான் நகரவில்லை. "அய்யா, அந்தப் பையன் உத்தரவு?"

"அது எம்ட்டிக்காகப் போட்ட உத்தரவு இல்லப்பா. அதுல எம்ட்டின்னு ஒரு வார்த்தை இருக்கா? தகுதியில்லைன்னுதான் இருக்கு. அது வேற, இது வேற."

நான் ஏதோ கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை, கெட்ட வார்த்தையும் இருந்ததாம். அதற்கு எனக்கு ரைபிளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றுகிற தண்டனை கொடுத்தார்கள். அப்போதும் வேலையை விட்டுத் துரத்தவில்லை. எவ்வளவு கத்தினாலும் எனக்குத் தகுதி இருந்துகொண்டே இருந்தது. என்னைத் துரத்தியிருந்தால்கூட இந்தக் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

சாயங்காலம் பழங்காநத்தத்துக்கு வந்தேன். அவன் தகரப் பெட்டியைக் கட்டிலில் வைத்து அடுக்கிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கை நின்றது.

"எம்ட்டிய ஏத்துக்கிட்டாய்ங்க மாப்ள" என்றேன். "கணக்கு சரியாயிருச்சாம்."

"சரி. அப்ப நானு?"

சுவரைப் பார்த்துத் திட்டத் தொடங்கினேன். அந்த இன்ஸ்பெக்டரை, அந்தக் கிழவனை, ஹவில்தாரை, என் ஊரை, என் வீட்டு அண்டாவை. அவன் முடிகிற வரை நின்றான். பிறகு பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருந்த துணியை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினான். படைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டிய காக்கிகள். எல்லாம் இஸ்திரி போட்டிருந்தான். ஒவ்வொரு காலரையும் திருப்பிக் குறியை எனக்குக் காட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினான்.

"நாளைக்கு நீயே குடுத்துரு. எனக்கு அங்கிட்டு வர வேணாம்" என்றான். "எண்ணி வாங்கிக்க மாப்ள. ஒண்ணு கொறஞ்சாலும் எங்க ஆத்தா பானையத்தான் மறுபடியும் கவுப்பாய்ங்க."

சட்டை, டிராயர், காலுறை, பெல்ட், தொப்பி. அவன் பார்த்துக்கொண்டிருக்க, நான் எண்ணினேன்.